ஹீரோ வேஷம்னா மட்டும் பேசுங்க

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 74 வயது. 1977-லிருந்து 85 வரை ஹீரோவாக நடித்தவர். பெயர் வேண்டாம், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சொன்னால் தெரியும். மொத்தம் பதினேழு படம். இரண்டு நூறு நாள், ஒன்று மதுரையில் வெள்ளி விழா. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கடை வாடகையை வைத்து அம்மாதான் குடும்பத்தை ஓட்டினார். அம்மா போய் இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது.

இப்போது அப்பா விடிந்ததும் டை அடித்து, விக் வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு ஹாலில் ஷீல்டுகளுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறார். லேண்ட்லைன் இணைப்பை நிறுத்த விட மாட்டேன் என்கிறார். "எல்லாக் கம்பெனியிலும் இந்த நம்பர்தான் இருக்கு" என்கிறார். ஒரு சீரியலில் தாத்தா வேஷத்துக்குக் கேட்டு வந்தார்கள். "ஹீரோ வேஷம்னா மட்டும் பேசுங்க" என்று அனுப்பிவிட்டார். பெட்ரோல் பங்கில் ஒரு பையன் "பெரியவரே, தள்ளி நில்லுங்க" என்றதற்கு ரகளையே ஆகிவிட்டது. என் மகன் அவருடைய பாட்டு ஒன்றை யூடியூபில் போட்டுக் காட்டினான். கீழே முதல் கமெண்ட், "இவர் இன்னும் உயிரோட இருக்காரா?" அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. விக் அதற்கு மறுநாள்தான் வந்தது.

இப்போது ஒரு புது டைரக்டரும் மேனேஜர் என்று ஒருவரும் வந்து போகிறார்கள். அப்பாதான் ஹீரோவாம், 80 லட்சம் போட்டால் பார்ட்னராம். வீட்டை விற்கப் போகிறேன் என்கிறார். வீடு 1982-ல் அம்மா பேரில் வாங்கியது. பெங்களூரில் இருக்கும் என் தம்பி, "மனநிலை சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாம்" என்கிறான். அப்பாவுக்கு மனநோயா? வீட்டை எப்படிக் காப்பாற்றுவது? உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாமா?

அம்மா இருந்தவரை சாயங்காலம் காபியோடு இருவரும் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். நாங்கள் "ரீல் ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்று எழுந்து போய்விடுவோம். அவர் மடியில் நான் நாலு வயதில் உட்கார்ந்திருக்கும் ஷூட்டிங் போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரோடு எனக்கு இருக்கும் நினைவே அது ஒன்றுதான் என்று சில நாள் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்டது அந்தக் கேள்விகளுக்குக் கீழே அல்ல. அம்மாவும் அப்பாவும் காபியோடு உட்கார்ந்த இடத்தில் ஒரு கோடு. லேண்ட்லைனில் ஒரு கோடு. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தப் போட்டோவில் இரண்டு கோடு.

புறநானூற்றில் 243-ஆம் பாட்டு ஒன்று உண்டு. தலையில் பூண் போட்ட தடியை ஊன்றி நடக்கும் ஒரு கிழவர் பேசுவது. அந்தத் தடியை வைத்தே புலவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பேர் வந்துவிட்டது, சொந்தப் பேர் போய்விட்டது. சின்ன வயதில் தண்ணீரின் மேல் தாழ்ந்திருக்கும் மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் அசந்துபோகும்படி மடுவில் துடுமென்று குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வருவாராம். அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார். இப்போது இரண்டு சொல் பேசுவதற்குள் நடுவில் இருமல் வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கிழவருக்கும் கரையில் நின்று பார்த்தவர்கள் முக்கியமாக இருந்திருக்கிறார்கள், கவனித்தீர்களா?

அவர் மறுபடி மரத்தில் ஏறவில்லை. சொல்கிறார், அவ்வளவுதான். கேட்க யாரோ இருந்திருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவுக்கும் இருந்தார். தினமும் சாயங்காலம், நாற்பது வருஷம். அந்தக் கதைகளில் வரும் கேமராமேனையும் ஸ்டன்ட் மாஸ்டரையும் புரொடக்‌ஷன் மேனேஜரையும் நேரில் பார்த்தவர் உங்கள் அம்மா. யூனிட் ஆட்கள் பாதிப் பேருக்கு அவர் கையால் சோறு போட்டிருப்பார். ஒரு கதையை நூறாவது தடவை சொல்லும்போதும், "அன்னிக்கு மழை வந்துச்சே, அதைச் சொல்லலையே" என்று எடுத்துக் கொடுக்க அவரால் முடியும். உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. அவர் போனதும் உங்கள் அப்பாவின் எட்டு வருஷத்துக்குச் சாட்சியே இல்லாமல் போய்விட்டது. சொல்ல வழியில்லாதவர் மறுபடி மரத்தில் ஏறப் பார்க்கிறார். நான் அப்படித்தான் இதைப் பார்க்கிறேன். இது புகழ் வெறி என்று உங்கள் தம்பி நினைக்கலாம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த வெறி மட்டும்தான் என்றால் 86-லேயே வீட்டை விற்கக் கிளம்பியிருப்பார். இத்தனை வருஷம் பேசாமல் கடை வாடகையில் சாப்பிட்டவர்தானே?

பழையதைப் பேசுவது வியாதி இல்லை என்று என் துறையில் 1963-லேயே ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதிவிட்டார். அதுவரை மருத்துவர்களே அதை மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாழ்ந்ததை ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்த்துக் கணக்கு முடிப்பது முதுமையின் இயல்பான வேலை என்றார் பட்லர். யாருக்கும் பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்ததுதான் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவில் நிற்கும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்னிடம் வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வீட்டு மேஜையில் ஒரு மணி வைத்திருந்தார். அடித்தால் மருமகள் வரவேண்டும். உங்கள் அப்பாவின் ஷீல்டும் அந்த மணியும் ஒரே ரகம்தான்.

ஆனால் தாசில்தாருக்கு இல்லாத ஒரு கஷ்டம் நடிகருக்கு உண்டு. தாசில்தாரின் முப்பது வயது முகம் ஆல்பத்தில் மஞ்சளாகிவிட்டது. உங்கள் அப்பாவின் முப்பது வயது முகம் ராத்திரி பதினொரு மணிக்கு டி.வி.யில் டூயட் பாடிக்கொண்டு ஓடுகிறது, இடுப்பு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. பெட்ரோல் பங்குப் பையன் தன்னை யாரோடு ஒப்பிட்டு "பெரியவரே" என்றான் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். விக் யாரை ஏமாற்ற என்று நினைக்கிறீர்கள்? "இன்னும் உயிரோட இருக்காரா" என்று ஒருவன் கேட்டதற்குப் பதில் அது. இருக்கிறேன் என்று சொல்கிறார். விக்கில் கை வைக்காதீர்கள்.

நம் ஊரில் இந்தக் கதையின் மூலக்கதை எம்.கே. தியாகராஜ பாகவதருடையது. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. ஊர் ஊராக இளவட்டங்கள் பாகவதர் கிராப் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்க, ஹீரோ ஜெயிலில் இருந்தார். 1947-ல் விடுதலையாகி வெளியே வந்தபோது அவருக்கு வயது 37. ராஜமுக்தி, அமரகவி, சியாமளா, புதுவாழ்வு என்று படங்கள் வந்தன. எதுவும் பழைய பாகவதரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. குரல் போய்விடவில்லை, கேட்கிற காது மாறிவிட்டது. அமரகவி வந்த அதே 1952-ல்தான் பராசக்தி வந்தது, பாட்டு கேட்கப் போன கூட்டம் வசனம் கேட்கப் போக ஆரம்பித்தது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி இறந்தபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. வயதானால்தான் நட்சத்திரம் மங்கும் என்பதில்லை, பாருங்கள்.

அதே ஹரிதாஸில் நடித்த டி.ஆர். ராஜகுமாரி, அன்றைக்கு ஊரே பேசிய கனவுக்கன்னி. பாண்டி பஜாரில் தன் பேரில் தியேட்டர் கட்டினார். அறுபதுகளில் நடிப்பை நிறுத்தினார். 1999-ல் இறக்கும்வரை வெளிச்சத்தைத் தேடாமல் வீட்டோடு இருந்தார். ஒரே படம், ஒரே கைதட்டல், இரண்டு முடிவு. இதில் யார் புத்திசாலி என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். பாகவதர் ஜெயிலுக்குப் போகாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? உச்சியில் இருந்து தானாக இறங்கியவர் ஒருவர், பிடித்துத் தள்ளப்பட்டவர் ஒருவர். தள்ளப்பட்டவருக்குத்தான் மறுபடி ஏறிக் காட்டவேண்டும் என்று தோன்றும். 85-க்கு அப்புறம் உங்கள் அப்பாவை யாரும் கூப்பிட்டு, "அண்ணே, போதும், இனி வேற ரோல் பண்ணலாம்" என்று சொல்லவில்லை. போன் வருவது நின்றுபோனது. சினிமாவில் வேலை போவது அப்படித்தான், ஆர்டர் கையில் தரமாட்டார்கள். அதனால்தான் அவர் இன்னும் அந்த லேண்ட்லைனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து உங்களுக்கு வரப்போகும் யோசனை எனக்குத் தெரியும். ஜெய்சங்கர் 1965-லிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ரிலீஸ் என்று சொல்லும் அளவுக்கு ஹீரோவாக நடித்துவிட்டு, 1980-ல் முரட்டுக் காளையில் ரஜினிக்கு வில்லனாக வந்தார். நாகேஷ் மகளிர் மட்டும் படத்தில் பிணமாக நடித்தார். ஒரு வசனம் இல்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை, தியேட்டரே சிரித்தது. "அவங்கல்லாம் மாறலையா, நீங்க மட்டும் ஏம்ப்பா?" என்று கேட்கலாம் என்று தோன்றும். கேட்காதீர்கள். ஜெய்சங்கர் வில்லனானபோது அவர் மார்க்கெட் அடியோடு போயிருக்கவில்லை, பெரிய கம்பெனி, பெரிய படம், மரியாதையான அழைப்பு. உங்கள் அப்பாவுக்கு நாற்பது வருஷம் கழித்து வந்தது, ஒரு சீரியலில் கட்டிலில் படுத்து இருமும் தாத்தா வேஷம். கதையில் அவருக்கு என்ன இருக்கிறது என்றாவது வந்தவர்கள் சொன்னார்களா? "ஹீரோ வேஷம்னா மட்டும் பேசுங்க" என்றதை நீங்கள் திமிராகப் படித்திருக்கிறீர்கள். பயமாகவும் படிக்கலாம். நாற்பது வருஷம் கேமரா முன்னால் நிற்காதவருக்கு இரண்டு பக்க வசனம் மனப்பாடம் ஆகுமா என்ற பயம் இல்லாமலா இருக்கும்?

இப்போது முதல் கேள்வி. மனநோயா?

டை அடிப்பது, விக், ஷீல்டு, பழைய கதை, காத்திருப்பு, இவை எதுவும் நோய் இல்லை. நான் கவனிப்பது வேறு சில. ஒரே கதையை ஒவ்வொரு வாரமும் சொல்கிறாரா, அல்லது சொல்லி முடித்து அரை மணி நேரத்தில், சொன்னதே தெரியாமல் மறுபடி ஆரம்பிக்கிறாரா? முதலாவது வழக்கம், இரண்டாவது பரிசோதிக்க வேண்டியது. கரன்ட் பில்லை இரண்டு தடவை கட்டுவது, தெரிந்த தெருவில் வழி தடுமாறுவது, இதுவரை இல்லாத கோபம், இதுவரை இல்லாத ஊதாரித்தனம், முன்பின் தெரியாதவரை உடனே நம்புவது, இவை கடந்த ஒன்றிரண்டு வருஷத்தில் புதிதாக வந்திருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒருவகை டிமென்ஷியாவில் மறதிக்கு முன்னால் குணம்தான் மாறும். பெட்ரோல் பங்கு ரகளையும் 80 லட்சமும் சேர்ந்து வந்ததால்தான் இதைச் சொல்கிறேன். பயமுறுத்த இல்லை. துக்கமும் முதியவர்களிடம் அழுகையாக வராமல் எரிச்சலாக வரும், அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம் பார்த்துவிடுங்கள். காதையும் சோதியுங்கள். காது கேட்காதவர் சந்தேகப் பேர்வழி ஆவதையும், ஒரு மிஷின் மாட்டியதும் சரியாவதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மனநல மருத்துவர் என்று சொல்லி அழைத்துப் போக வேண்டாம், அது பொய் சொல்லச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "அம்மா போனதுக்கு அப்புறம் நீங்க சரியா சாப்பிடல, ஃபுல் செக்கப் பண்ணிடலாம்ப்பா" என்றால் அது முழு உண்மை.

தம்பி சொல்லும் சர்டிபிகேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் நாம் நினைக்கிறபடி நடந்துகொள்ளவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. விக் வைத்தால் சர்டிபிகேட் என்றால் கோடம்பாக்கத்தில் பாதிப் பேருக்குக் கொடுக்கவேண்டும். சட்டத்தை விடுங்கள். அப்படி ஒரு காகிதத்தை அவர் என்றைக்காவது பார்த்தால், "இன்னும் உயிரோட இருக்காரா" என்று கேட்டவன் பரவாயில்லை என்று ஆகிவிடும். உங்கள் தம்பிக்கு நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி வீடு. இதை என் துறையைத் தாண்டித்தான் சொல்கிறேன், வக்கீலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சினிமாக்காரர்கள் அந்தக் காலத்தில் வீட்டை மனைவி பேரில் வாங்கியது பல காரணங்களுக்காக, அது இப்போது உங்களுக்கு உதவுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், அம்மா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் பேரில் உள்ள சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்காக வரும். அதாவது உங்கள் மூன்று பேருக்கும் மூன்றில் ஒன்று. நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போடாமல் வீட்டை முழுசாக விற்க முடியாது. பணம் நான் போட்டது என்று அவர் வாதாட இடம் உண்டா என்பது வக்கீல் பார்க்கவேண்டியது. வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

பூட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதை எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். வக்கீல் நோட்டீஸ் மூலம் அவருக்குத் தெரியக் கூடாது. அந்த டைரக்டர் எதிரிலும் சொல்லக் கூடாது. ஒரு நாள் காலையில், அவர் மேக்கப் முடிப்பதற்கு முன்னால் அல்ல, முடித்து வந்து உட்கார்ந்த பிறகு, நேராகச் சொல்லுங்கள்: "அப்பா, இந்த வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அம்மா இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டாங்க." அவ்வளவு போதும். "நீங்க நடிக்க முடியாது, உங்களை யார் பார்ப்பாங்க" என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரக் கூடாது. வீட்டைப் பற்றிய பேச்சு வீட்டோடு நிற்கட்டும். அவர் கத்துவார். இரண்டு நாள் பேச மாட்டார். தாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், அந்தப் படத்தைப் பற்றி அவரிடமே யோசனை கேளுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் அப்பா எட்டு வருஷம் இந்தத் தொழிலின் நடுவில் இருந்தவர். அப்போது ஹீரோ பேரைச் சொன்னதும் விநியோகஸ்தர்கள் ஏரியா ஏரியாவாக முன்பணம் கொடுப்பார்கள். என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், கோவை, சேலம் என்று பிரித்து மினிமம் கேரண்டிக்கு, அதாவது படம் ஓடாவிட்டாலும் திரும்பக் கேட்காத தொகைக்கு, போகும். படப்பெட்டி தியேட்டருக்குப் போகும் முன்பே பாதிப் பணம் வந்துவிடும். நடிகர் தன் கைப்பணத்தைப் போட்டு நடிப்பது என்பது அன்றைக்கு அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். எனவே கேளுங்கள்: "அப்பா, இவர் எந்த ஏரியாவை யாருக்கு வித்திருக்கார்? டைட்டில் ரிஜிஸ்டர் ஆயிடுச்சா? ஓ.டி.டி., சேட்டிலைட் யாரோட பேசியிருக்கார்? 80 லட்சத்தில் டைரக்டர் பணம் எவ்வளவு? முழு ஸ்கிரிப்ட் எங்கே?" பதிலை நீங்கள் கேட்கவேண்டாம், அவர் அந்த ஆளிடம் கேட்கட்டும். தன் காலத்தில் எத்தனை உப்புமா கம்பெனிகளை அவர் வாசலோடு அனுப்பியிருப்பார்! ஏமாறும் கிழவராக அவரை நடத்தினால் ஏமாறுவார். தொழில் தெரிந்தவராக நடத்தினால் தொழில் நினைவுக்கு வர வாய்ப்பு இருக்கிறது. நல்ல ஆளாக இருந்தால் டைரக்டர் பதில் சொல்வார். இல்லாவிட்டால் அடுத்த வாரம் வர மாட்டார்.

இதே கூட்டம் அடுத்து வேறு வேஷத்திலும் வரும், சொல்லி வைக்கிறேன். வாழ்நாள் சாதனையாளர் விருது தருகிறோம், ஹால் வாடகைக்கு மட்டும் கொஞ்சம் கொடுங்கள் என்பார்கள். கௌரவ டாக்டர் பட்டம் என்பார்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்குத்தான் உண்டு. 2023-ல் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரர்களை மேடையேற்றிப் பட்டம் கொடுத்து, பல்கலைக்கழகமே எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று போலீசுக்குப் போனது. மேடைக்கு ஏங்குபவர்களின் முகவரி இவர்களிடம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உண்மையை முகத்துக்கு நேரே சொல்லலாமா என்பது மூன்றாவது. எந்த உண்மை? மார்க்கெட் போய்விட்டது என்பதா? அது அவருக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். தினமும் பத்து மணியிலிருந்து அடிக்காத போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை இன்னொருவர் சொல்லவேண்டுமா? அதற்காக "நிறையப் பேர் இன்னும் உங்களைத்தான் பேசுறாங்க" என்று கதை கட்டவும் வேண்டாம். யாரையாவது பிடித்துப் பிறந்தநாளுக்கு மாலையோடு வரச் சொல்வது, விசிறி மாதிரி போன் பண்ணச் சொல்வது, இதையெல்லாம் அன்பு என்று நினைத்துச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிப்பட்டால் அன்றோடு எல்லாம் போச்சு.

நிஜமான ஆட்களே கிடைப்பார்கள். அவருக்கு ரசிகர் மன்றம் இருந்திருக்கும். மதுரையில் வெள்ளி விழா என்றால் கட்டாயம் இருந்திருக்கும். கட்-அவுட்டுக்கு மாலை போட்ட அந்த இருபது வயதுப் பையன்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல். ஒருவர் மளிகைக்கடை வைத்திருப்பார், ஒருவர் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆகியிருப்பார். அவர்களுக்கும் வீட்டில் "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய லெட்டர்பேடு ஒன்று வீட்டில் எங்காவது கிடக்கும், அதில் ஊர் பேர் இருக்கும். தேடிப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, முடிந்தால் ஒரு நாள் வரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அடுத்தபடியாக அந்த மழையை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதை நீங்கள்தான் செய்யவேண்டும். வீட்டில் ஸ்டில்கள் இருக்கும், பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் நோட்டீஸ்கள், வெள்ளி விழா அழைப்பிதழ்கள் இருக்கும். தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு இன்று நெகட்டிவே கிடையாது. காகிதம்தான் மிச்சம், அதுவும் கரையான் விட்டுவைத்த வரைதான். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு தனிமனிதர் ஸ்டில்லும் தகவலுமாகச் சேர்த்து வைக்காவிட்டால் நம் சினிமா வரலாற்றில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாக்கிறார்கள், போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டில்லிலும் ஹீரோவை எல்லோருக்கும் தெரியும். பின்னால் லைட் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார், ஓரத்தில் நிற்கும் குரூப் டான்ஸர் யார், எந்த ஸ்டூடியோ, எந்தத் தளம் என்பது உங்கள் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பின்பக்கம் பென்சிலால் எழுதவேண்டும். பேனா வேண்டாம், மை ஊறும். ஒரு நாளைக்கு ஐந்து படம் போதும், சாயங்காலம், காபி நேரத்தில். போனில் அவர் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. எட்டு வருஷம் ஹீரோவாக இருந்தவர் அந்த எட்டு வருஷத்துக்குச் சாட்சி சொல்பவராகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவார், மாறாமலும் போகலாம். என்னிடம் வந்தவர்களில் இரண்டும் நடந்திருக்கிறது.

நடிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தரமணியிலேயே எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கு வயதானவர்கள் தேவைப்படுவார்கள். சம்பளம் இருக்காது, ஆனால் அவர் பேரைக் கேட்டதும் எழுந்து நிற்கும் இருபது வயதுப் பையன்கள் இருப்பார்கள், அவர்களுக்கு அது பாடம். நீங்கள் போய்க் கேட்காதீர்கள். வாய்ப்பு அவரைத் தேடித்தான் வரவேண்டும், அதுவும் அந்த லேண்ட்லைனில் வந்தால் உத்தமம். நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இது மட்டும் நான் அனுமதிக்கும் ஒரு சின்னத் திருட்டுத்தனம்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஊரே தெரிந்து வைத்திருந்த ஒருவரை வீட்டில் தெரியாமல் வளர்ந்த பெண் எழுதிய கடிதம் இது என்று எனக்குத் தெரிகிறது. அவர் புகழில் இருந்தபோது உங்களுக்குக் கிடைக்கவில்லை, புகழ் போன பிறகும் கிடைக்கவில்லை. இப்போது அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் உங்களுக்கு வந்திருக்கிறது. தம்பி பெங்களூரிலிருந்து யோசனை சொல்கிறார். கோபம் வந்தால் அது தப்பில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தம்பி போனில் அப்பாவோடு பேசவேண்டும், செக்கப்புக்குத் தம்பியே வந்து அழைத்துப் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இருக்கிறது, முதியோர் தொடர்பான சட்ட, பராமரிப்பு விஷயங்களுக்கு எல்டர்லைன் 14567 இருக்கிறது. இரண்டும் இலவசம்.

ஸ்டில்களை எடுக்கும் முதல் நாள், உங்களிடம் இருக்கும் அந்தப் போட்டோவிலிருந்து ஆரம்பியுங்கள். நாலு வயதில் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஷூட்டிங் என்பது மட்டும் தெரியும், எங்கே, எந்தப் படம், அன்று உங்களை எதற்குக் கூட்டிப் போனார்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியும். கேளுங்கள்.